சக்கரம் ஏன் நெளிகிறது?

புகையிரதத்திற் பிரயாணம் செய்யும்போது பெட்டி இடமும் வலமுமாக அசைவதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். நிலையத்தை விட்டுப் புறப்படுகையில் அடங்கியிருக்கும் அவ்வசைவு, வேகம் கூடக் கூடத் தானும் கூடுகின்றது. மடியிலிருக்கும் குழந்தை அதைத் தாலாட்டென்று எண்ணி உறங்கிவிடும். யன்னலோரத்திலிருக்கும் சிறுவனோ, "ஏனப்பா பெட்டி ஆடுது?" என்று கேட்பான். "பாதை சரியில்லைத் தம்பி" என்பது தந்தையார் வழக்கமாகக் கூறும் விடை.

அவ்விடை முற்றிலும் பிழையன்று. ஆயினும் முழுமையானதும் அன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில், யப்பானியப் புகையிரதப் பொறியியலாளர் பலரும் ஏறக்குறைய இதே விடையைத்தான் கூறி வந்தனர். பாதை கோணலாயிருந்தால் வண்டி ஆடும். பாதையைச் செப்பனிட்டால் ஆட்டம் நிற்கும் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கையை மறுத்து, பாதை நேராயிருப்பினும் வண்டி தன்னைத் தானே ஆட்டிக்கொள்ளக்கூடும் என்று காட்டிய ஒருவரைப் பற்றி இவ்வாரம் பேச விரும்புகிறோம். அவர் காட்டிய வழியினால் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அதனிலும் மேலாக, ஒரு விபத்து நேர்ந்தபின் நாம் எந்தக் கேள்வியை முதலிற் கேட்கவேண்டும் என்பதையும் அவ்வழி நமக்குக் கற்பிக்கின்றது.

சரிந்த சக்கரம்

முதலிற் சக்கரத்தைப் பார்ப்போம். புகையிரதச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பகுதி தட்டையானது என்றே பலரும் எண்ணியிருப்பர். உண்மையில் அது சற்றுச் சரிவாகக் கடையப்பட்டது. உட்பக்கம் பருத்தும் வெளிப்பக்கம் சிறுத்தும் இருக்கும். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை; ஆகவே ஒன்று ஒரு முறை சுழன்றால் மற்றையதும் ஒரு முறைதான் சுழலும். உட்பக்கத்திலுள்ள உயர்ந்த விளிம்பே வண்டியைப் பாதையில் வைத்திருக்கின்றது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அவ்விளிம்பு கடைசிக் காவலாளி மாத்திரமே. சாதாரண ஓட்டத்திற் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது அந்தச் சரிவுதான்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு காகிதக் குவளைகளை வாயோடு வாய் பொருந்தும்படி ஒட்டுங்கள். நடுப்பகுதி பருத்து, இரு முனைகளும் சிறுத்த ஓர் உருளை கிடைக்கும். நீளமான இரண்டு நேரான தடிகளைச் சமாந்தரமாக வைத்து, ஒரு பக்கத்தைச் சிறிது உயர்த்தி, அவற்றின் மேல் அவ்வுருளையை உருட்டிவிடுங்கள். சற்றுக் கோணலாக வைத்து விட்டாலும் அது தன்னைத் திருத்திக்கொண்டு கடைசிவரை ஓடும். இனி வேறிரண்டு குவளைகளை அடியோடு அடி பொருந்தும்படி ஒட்டி உருட்டிப் பாருங்கள். சிறிது தூரத்திலேயே அது பக்கத்திற் சரிந்து விழுந்துவிடும்.

காரணம் எளிது. முதலாவது உருளை வலப்புறம் நகர்ந்தால், வலப்புறத் தடியில் அதன் பருத்த பகுதியும் இடப்புறத் தடியிற் சிறுத்த பகுதியும் படும். பருத்த பகுதி ஒரு சுற்றில் அதிக தூரம் செல்லும். சிறுத்த பகுதி குறைந்த தூரம் செல்லும். எனவே உருளை இடப்புறம் திரும்பி நடுவுக்கு வருகிறது. புகையிரதச் சக்கரமும் இவ்வாறே. வளைவிற் செல்லும்போது அச்சு முழுவதும் சற்று வெளிப்பக்கம் நகர, வெளிச்சக்கரம் பருத்த பகுதியில் உருண்டு, தான் செல்லவேண்டிய கூடிய தூரத்தைக் கடந்துவிடுகிறது. சாரதி சுக்கானைத் திருப்பவில்லை. சக்கரமே தன் வழியைக் கண்டுகொள்கிறது.

வரமும் சாபமும்

ஆனால் இந்த வரத்திலேயே ஒரு சாபமும் கலந்திருக்கின்றது. நடுவுக்கு வந்த சக்கரம் நடுவில் நின்றுவிடுவதில்லை. வந்த வேகத்தில் மறுபக்கம் சென்று, அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. இவ்வாறு வலமும் இடமுமாக நெளிந்து நெளிந்தே அது முன்னேறுகிறது. ஆங்கிலேயர் இதனை 'வேட்டை' எனப் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். யப்பானியர் இட்ட பெயரோ பாம்பின் நகர்ச்சியைக் குறிப்பது. நாம் இதனை நெளிவோட்டம் என்போம்.

இந்நெளிவோட்டம் புகையிரதத்தோடு கூடப் பிறந்தது எனலாம். 1821 ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்டீபன்சன் இதனைக் கவனித்து எழுதியிருக்கிறார். 1883 இல் கிளிங்கல் என்ற ஜெர்மானியர் ஒரு நெளிவின் நீளத்தைக் கணிக்கும் சூத்திரத்தை வகுத்தார். அச்சூத்திரத்தின்படி, ஏறக்குறைய 91 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சக்கரம், 20 இல் 1 என்ற சரிவோடு, உலகில் மிகுதியாக வழங்கும் 1,435 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஓடினால், ஒரு முழு நெளிவுக்கு ஏறக்குறைய 16 மீற்றர் செல்லும். சரிவை 40 இல் 1 ஆகக் குறைத்தால் அந்நீளம் ஏறக்குறைய 23 மீற்றராகும். சரிவு குறைந்தால் நெளிவு நீண்டு, ஆட்டம் மெதுவாகும் என்பது இதிலிருந்து விளங்கும்.

1916 இல் இங்கிலாந்தில் கார்ட்டர் என்பவர் மேலும் ஒரு படி சென்றார். உருக்குச் சக்கரமும் உருக்குத் தண்டவாளமும் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவே. அவ்விடத்திற் சக்கரம் முற்றாகப் பற்றிக்கொள்வதுமில்லை, முற்றாக வழுக்குவதுமில்லை. மிக நுண்ணிய அளவில் ஊர்கின்றது. அவ்வூர்வினாற் பிறக்கும் விசைகளைக் கணக்கிலெடுத்தாலன்றி நெளிவோட்டத்தை விளக்க முடியாது என்று அவர் காட்டினார். ஆயினும் கணித மொழியில் எழுதப்பட்ட அவ்வாராய்ச்சி பட்டறைகளிற் பணியாற்றியோரின் கவனத்தைப் பல ஆண்டுகள் ஈர்க்கவில்லை.

ஆகாயத்திலிருந்து வந்த அறிவு

மட்சுடைரா ததாஷி 1910 இற் பிறந்தவர். யுத்தத்திற்கு முன்னும் யுத்த காலத்திலும் யோக்கொசுக்காவிலிருந்த கடற்படை விமானத் தொழில்நுட்ப நிலையத்தில் அதிர்வு பற்றி ஆராய்ந்து வந்தார். 'சீரோ' எனப்படும் போர் விமானத்தை யாவரும் அறிவர். 1940 இலும் 1941 இலும் சோதனைப் பறப்பின்போது அவ்வகை விமானங்கள் இரண்டு ஆகாயத்திற் சிதைந்தன. இரு தடவையும் விமானிகள் உயிரிழந்தனர். இரண்டாவது விபத்தின் காரணத்தைத் தேடிய மட்சுடைரா, முன்னர் சோதித்த மாதிரி இறக்கை உண்மையான இறக்கையின் விறைப்பைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்பதைக் கண்டார். விறைப்பும் பொருந்தும்படி புதிய மாதிரியொன்றைச் செய்து காற்றோட்டத்தில் நிறுத்தியபோது, முன்பு கணித்ததிலும் குறைந்த வேகத்திலேயே இறக்கை படபடத்துச் சிதையும் என்பது தெளிவாயிற்று.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இறக்கையை யாரும் பிடித்து ஆட்டவில்லை. காற்று சீராகவே வீசியது. சீரான காற்றிலிருந்து சக்தியைப் பெற்று இறக்கை தன்னைத் தானே ஆட்டிக்கொண்டது. கோயிற் கொடி சீரான காற்றிற் படபடப்பதும் இவ்வகையே. வயலின் வாசிப்போர் வில்லை ஒரே சீராக இழுக்கின்றனர். தந்தியோ இடைவிடாது அதிர்கின்றது. வெளியிலிருந்து ஆட்டுவோர் இன்றியே எழும் இவ்வதிர்வைத் தானே தூண்டும் அதிர்வு என்று சொல்லலாம்.

யுத்தம் முடிந்தது. யப்பானில் விமான ஆராய்ச்சி தடைசெய்யப்பட்டது. வேலையிழந்த விமானப் பொறியியலாளர் பலரைப் புகையிரத ஆராய்ச்சி நிலையம் ஏற்றுக்கொண்டது. அவர்களுள் மட்சுடைராவும் ஒருவர். குண்டு வீசும் விமானங்களை அமைத்த மிக்கி ததனாவோ மற்றொருவர். ஷிமா ஹிதேயோ என்ற பெரும் பொறியியலாளர், அதிவேக வண்டிகளின் அதிர்வை ஆராய 1946 டிசம்பரில் ஒரு குழுவைக் கூட்டினார். பழைய புகையிரதக்காரரும் புதிதாக வந்த விமானக்காரரும் அக்குழுவில் ஒரே மேசையில் அமர்ந்தனர். 1947 ஜூலையில் சன்யோ பாதையிற் பிரயாணிகள் வண்டியொன்று தடம் புரண்ட விபத்தையும் மட்சுடைரா இந்தக் கண் கொண்டே ஆராய்ந்தார்.

அவர் கண்ட முடிவு இதுவே. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே, பாதையின் கோணலாற் சக்கரம் சற்று ஆடினாலும் அவ்வாட்டம் தானாக அடங்கிவிடும். அவ்வேகத்தைக் கடந்தாலோ, வண்டியின் முன்னோட்டத்திலிருந்தே சக்தியைப் பெற்று ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். விளிம்பு தண்டவாளத்தை மாறி மாறி இடிக்கும். முடிவிற் சக்கரம் பாதையை விட்டு ஏறவும் கூடும். விமான இறக்கையில் தாம் கண்ட அதே தானே தூண்டும் அதிர்வு இங்கே சக்கரத்தில் வந்திருப்பதை அவர் உணர்ந்தார். அவ்வாறாயின், பாதையை எவ்வளவுதான் செப்பனிட்டாலும் நோய் தீராது. மருந்து வண்டியிலேயே இடப்படவேண்டும்.

அனுபவமிக்க புகையிரதப் பொறியியலாளர் பலர் இதனை உடனே ஏற்கவில்லை. விமானத்திலிருந்து வந்தவர் இருப்புப் பாதையைப் பற்றி என்ன அறிவார் என்ற எண்ணம் எழுவது இயல்பே. மட்சுடைரா விவாதத்தை வளர்க்காமற் சோதனையை வளர்த்தார். சுழலும் உருளைகளின் மேல் சிறிய மாதிரி வண்டிகளை ஓட்டினார். உருளைகள் வழுவழுப்பானவை, அங்கே பாதையின் கோணல் என்பதே இல்லை. ஆயினும் வேகம் ஏறியதும் வண்டி நெளியத் தொடங்கியது. கண்ணாற் கண்டபின் மறுப்பதற்கு என்ன இருக்கின்றது? 1955 இல் சர்வதேச இருப்புப் பாதைச் சங்கத்தின் ஆராய்ச்சிப் பிரிவு இதே பிரச்சினை பற்றி ஒரு போட்டியை அறிவித்தது. பரிசு பெற்ற மூன்று கட்டுரைகளுள் மட்சுடைராவின் கட்டுரையும் ஒன்று.

இங்கிலாந்திலும் இக்கதை வேறொரு வடிவில் நிகழ்ந்தது. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்து வேகம் கூடியபோது, இரண்டே அச்சுகள் கொண்ட சரக்குப் பெட்டிகள் அடிக்கடி தடம் புரண்டன. 1962 இல் டார்பி நகரிலுள்ள புகையிரத ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து அதன் காரணத்தை விளக்கிய அலன் விக்கன்சும் விமானத் துறையிலிருந்து வந்தவரே.

வேகமும் பாதுகாப்பும்

1957 மே 30 ஆந் திகதி டோக்கியோவின் கின்சா வீதியிலுள்ள மண்டபமொன்றில் ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு பொதுக் கூட்டம் நடத்தினர். டோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்கு மூன்று மணி நேரத்தில் செல்ல முடியும் என்பதே பொருள். வண்டியின் உடல் பற்றி மிக்கியும், பாதுகாப்பும் பிரயாண சுகமும் பற்றி மட்சுடைராவும், பாதை பற்றியும் சமிக்ஞை பற்றியும் வேறிருவரும் பேசினர். புகையிரதத்தின் காலம் முடிந்தது, இனி மோட்டாரும் விமானமுமே என்று உலகம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

ஏழாண்டுகளின் பின், 1964 ஒக்டோபர் 1 ஆந் திகதி ஷின்கன்சென் ஓடத் தொடங்கியது. வேகம் மணிக்கு 210 கிலோமீற்றர்; ஏறக்குறைய 130 மைல். அவ்வண்டியின் சக்கரச் சரிவு 40 இல் 1 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. அச்சுகளைத் தாங்கும் பகுதிகள் இடைவெளியின்றித் தட்டை விற்களாற் பிணிக்கப்பட்டன. பெட்டியின் பாரத்தைக் காற்று விற்கள் ஏந்தின. நான்கு சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம் விருப்பம்போலத் திரும்பி ஆடாதபடி, உராய்வினால் அதனை அடக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. பிரயாணிகளின் கண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. நெளிவோட்டம் எந்த வேகத்திற் பிறக்குமோ, அவ்வேகத்தை வண்டியின் ஓட்ட வேகத்திலும் மிக உயர்த்திவிடுவதே இவையனைத்தின் நோக்கம்.

அந்நாள் முதல் இன்றுவரை ஷின்கன்சென் வண்டிகள் மோதியோ தடம் புரண்டோ பிரயாணி ஒருவரேனும் உயிரிழந்ததில்லை. 2004 ஒக்டோபரில் நீகாத்தா மாகாணத்தில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியில், ஓடிக்கொண்டிருந்த வண்டியொன்று தடம் புரண்டது. அப்பொழுதும் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. போருக்காகத் தேடிய அறிவு, போர் முடிந்தபின் தாய்மாரையும் குழந்தைகளையும் பத்திரமாக வீடு சேர்ப்பதற்குப் பயன்பட்டது என்பதை நினைக்கையில் மனம் சிறிது ஆறுதலடைகின்றது.

சுருமியில் நேர்ந்தது

கதை இங்கே முடிந்திருந்தால் இதனை வெற்றிக் கதையென்று சொல்லி நாமும் பேனாவை வைத்துவிடலாம். ஆனால் உண்மை அவ்வளவு இனிமையானதன்று.

1963 மார்ச் 30 ஆந் திகதி ஷின்கன்சென் சோதனை வண்டி மணிக்கு 256 கிலோமீற்றர் வேகத்திற் பத்திரமாக ஓடிக் காட்டியது. அதே ஆண்டு நவம்பர் 9 ஆந் திகதி இரவு, யோக்கொஹாமா நகரின் சுருமிப் பகுதியில், பழைய பாதையிற் சாதாரண வேகத்திற் சென்ற சரக்கு வண்டியின் பெட்டியொன்று தடம் புரண்டு, அருகிலிருந்த பிரயாணிகள் பாதையை மறித்தது. அப்பாதையில் வந்த பிரயாணிகள் வண்டி அதில் மோதி, எதிர்த்திசையில் வந்த மற்றொரு பிரயாணிகள் வண்டியினுட் புகுந்தது. 161 பேர் மாண்டனர். சனிக்கிழமை இரவு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

யார் குற்றவாளி? சாரதி விதிக்கு மாறாக ஓட்டினாரா? இல்லை. பெட்டி பழுதடைந்ததா? அதன் அளவுகள் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தன. பாதை கெட்டிருந்ததா? அதுவும் எல்லைக்குள்ளேயே இருந்தது. குற்றம் சாட்டுவதற்கு ஒருவரும் அகப்படவில்லை. 161 பிரேதங்கள் மாத்திரம் இருந்தன.

இந்நிலையில் விசாரணையை முடித்து, தெய்வ செயல் என்று எழுதிவிடுவது எளிது. யப்பானியர் அவ்வாறு செய்யவில்லை. ஹொக்கைடோத் தீவிற் கரிக்காச்சிக் கணவாய் வழியே சென்ற பழைய பாதை 1966 இற் கைவிடப்பட்டது. அதனைச் சோதனைப் பாதையாக்கி, சரக்குப் பெட்டிகளை வேண்டுமென்றே தடம் புரளச் செய்து பார்த்தனர். பாதையிற் சிறு சிறு கோணல்களை உண்டாக்கியும், வேகத்தையும் சுமையையும் மாற்றியும், மீண்டும் மீண்டும் ஓட்டினர். மனிதர் இல்லாத மலைப்பாதையில் வெறும் பெட்டிகள் விழுந்தன. மக்கள் நிறைந்த பெட்டிகள் இனி விழாதிருக்கவேண்டும் என்பதற்காக.

அவர்கள் கண்ட உண்மை யாவரும் மனத்திற் பதிக்கத்தக்கது. வண்டியின் குறை சிறிது, பாதையின் குறை சிறிது, சுமையின் ஏற்றத்தாழ்வு சிறிது, வேகத்தின் பொருத்தமின்மை சிறிது. தனித்தனியே நோக்கினால் ஒன்றேனும் எல்லையைக் கடக்கவில்லை. ஆயினும் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் ஒன்றுகூடியபோது சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிட்டது. 'காரணங்கள் போட்டியிட்டுச் சேர்ந்த தடம் புரள்வு' என்று பொருள்படும் பெயரை யப்பானியர் இதற்கு இட்டனர். சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழியை நாம் சேமிப்புக்கு மாத்திரம் சொல்லி வருகிறோம். அது ஆபத்துக்கும் பொருந்தும்.

இதன் பயனாகச் சக்கரத்தின் வடிவம் திருத்தப்பட்டது. ஆபத்தான இடங்களிற் சக்கரம் ஏறாது தடுக்கும் காவல் தண்டவாளங்கள் இடப்பட்டன. ஆயினும் பாடம் ஒருமுறை படித்தாற் போதுமென்பதில்லை. 2000 மார்ச் 8 ஆந் திகதி டோக்கியோ நகரத்தின் நகமெகுரோ நிலையத்துக்கருகில், கூரிய வளைவொன்றில் மிக மெதுவாகச் சென்ற வண்டியொன்று தடம் புரண்டு, எதிரே வந்த வண்டியுடன் உராய்ந்தது. ஐவர் மாண்டனர். இடச்சக்கரத்தின் மேலும் வலச்சக்கரத்தின் மேலும் இறங்கிய பாரம் சமமாயிருக்கவில்லை என்பது அங்கே சேர்ந்த காரணங்களுள் ஒன்று. அதன் பின்னரே சக்கரப் பாரத்தை அளந்து சமப்படுத்தும் வழக்கமும், கூரிய வளைவுகளிற் காவல் தண்டவாளம் இடும் வழக்கமும் உறுதியாயின. வேகம் ஒன்றே எமன் என்று எண்ணுவோர் இவ்விபத்தை நினைவிற் கொள்க.

வீதியிலும் இதுவே

புகையிரதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம்முட் பலர் நாள்தோறும் செல்வது வீதியிலன்றோ என்று வாசகர் கேட்கலாம். வீதியிலும் இதே கேள்விதான் எழுகின்றது. மோட்டார் வண்டி சறுக்கிப் புரண்டால் சாரதியின் கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பல தடவை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கவனமான சாரதியும் சில வேளைகளில் ஏன் வண்டியை இழக்கிறார்?

திடீரென ஒரு மாடு குறுக்கே வருகின்றது. சாரதி சுக்கானை வெட்டித் திருப்புகிறார். உடனே மறுபுறம் வெட்டுகிறார். முன் டயர்கள் திரும்பிய அளவுக்குப் பின் டயர்கள் பற்றிக்கொள்ளாவிட்டால் வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படும். ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் நிகழும் இதனை உணர்ந்து, சரியான அளவிற் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்புவது பழகிய பந்தயச் சாரதிகளுக்கே அரிது. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு செல்லும் தந்தையிடம் அதனை எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

இதனை உணர்ந்த பொறியியலாளர், வண்டிக்கே அக்கலையைக் கற்பித்தனர். சுக்கான் எப்பக்கம் திரும்பியிருக்கின்றது, வண்டி உண்மையில் எப்பக்கம் திரும்புகின்றது என்பவற்றைச் சிறு கருவிகள் இடைவிடாது அளக்கின்றன. இரண்டும் ஒவ்வாதபோது, நான்கு சக்கரங்களுள் வேண்டிய ஒன்றில் மாத்திரம் பிரேக் தானாக விழுந்து வண்டியை நேர்வழிக்குக் கொண்டுவருகின்றது. பொஷ் நிறுவனத்தார் உருவாக்கிய இவ்வமைப்பு 1995 இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் பெரிய வண்டியொன்றில் முதலில் வந்தது. பெரிய வண்டி என்றால் பெரும் பணக்காரர் வண்டி என்பதே பொருள்.

1997 ஒக்டோபரிற் சுவீடன் நாட்டின் மோட்டார்ப் பத்திரிகையொன்று, வீதியிற் கடம்பை மான் குறுக்கிட்டால் விலகும் முறையில் வண்டிகளைச் சோதித்தது. அச்சோதனையில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய சிறிய வண்டி புரண்டு விழுந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. நிறுவனத்தார் சில காலம் விற்பனையை நிறுத்தி, வண்டியின் அமைப்பைத் திருத்தி, அதுவரை விலையுயர்ந்த வண்டிகளுக்கே உரியதாயிருந்த அவ்வமைப்பைச் சிறிய வண்டி ஒவ்வொன்றிலும் சேர்த்தனர். பின்னர் சட்டமும் தொடர்ந்தது. அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டு மாதிரிகள் முதலாகவும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலாகவும் புதிய மோட்டார்க் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயமாயிற்று.

இவ்வமைப்பினாலும் மந்திரம் செய்ய முடியாது என்பதையும் சொல்லவேண்டும். தேய்ந்த டயருக்கும் நனைந்த வீதிக்குமிடையே இல்லாத பிடிப்பை எந்தக் கருவியும் உண்டாக்கித் தராது. புகையிரதச் சக்கரமும் அவ்வாறே. ஓடியோடித் தேய்ந்து அதன் வடிவம் மாறினால் நெளிவோட்டம் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். ஆராய்ச்சியாளர் வகுத்த வடிவத்தைப் பட்டறையில் மீண்டும் மீண்டும் கடைந்து காப்பவர், பெயரறியாத தொழிலாளர். அறிஞரின் கணக்கும் தொழிலாளரின் கடைச்சலும் சேர்ந்தே நம்மை வீடு சேர்க்கின்றன.

கேட்கவேண்டிய கேள்வி

ஒரு விபத்துச் செய்தியைப் படித்தவுடன் நமது வாயில் முதலில் வருவது, "யார் பிழை விட்டது?" என்ற கேள்வி. குடித்துவிட்டு ஓட்டியவனையும், பழுதை அறிந்தும் மறைத்தவனையும் சட்டம் தண்டிக்கவே வேண்டும். அதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயமில்லை. ஆனால் அக்கேள்வியோடு நின்றுவிட்டால், ஒருவர் சிறை செல்வார். அதே வளைவில், அதே சக்கரம், அடுத்த ஆண்டு மீண்டும் ஏறும். "இது எப்படி நேர்ந்தது?" என்பதே இரண்டாவது கேள்வி. அதற்கு விடை தேடப் பொறுமை வேண்டும், பணம் வேண்டும், தமது பழைய கணக்குத் தவறென்று கண்டால் அதனை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் வேண்டும். முன்னைய மாதிரி பொருத்தமற்றதென்று கண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிய மட்சுடைராவிடம் அந்நேர்மை இருந்தது. வெறும் பெட்டிகளை மலைப்பாதையில் ஆண்டுக் கணக்கில் விழுத்திப் பார்த்தவர்களிடம் அப்பொறுமை இருந்தது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். இயந்திரவியற் பாடத்தில் வரும் சூத்திரங்கள் பரீட்சைக்காக மாத்திரம் எழுதப்பட்டவையல்ல. அவற்றுள் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் வீடு திரும்பிய கதையோ, திரும்பாத கதையோ இருக்கின்றது.

பெற்றோருக்கும் ஒரு சொல். அடுத்த முறை புகையிரதத்தில் உங்கள் மகன், "ஏனப்பா பெட்டி ஆடுது?" என்று கேட்டால், பாதை சரியில்லை என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் இரண்டு காகிதக் குவளைகளை எடுத்து ஒட்டிக் கொடுங்கள். அவன் உருட்டிப் பார்க்கட்டும்.